ஆனிக் போக ஆலன்மவுத்தில் இறங்கவும்

நியூகாசிலில் ஏறி வடக்கே எடின்பரோ பக்கம் போகிறவர்கள் ரயிலில் வலது பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். இதை எனக்குச் சொன்னதோடு, ஓடிப்போய் இடமும் பிடித்துக் கொடுத்தவள் என் அக்கா மகள். நியூகாசிலில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நான்கு நாட்களாகப் பாலம், கோட்டை, அருங்காட்சியகம் என்று என்னை அழைத்துக்கொண்டு அலைந்தவள், ஐந்தாம் நாள் காலையில், "மாமா, உங்களுக்குப் பழைய புஸ்தகமும் பிடிக்கும், பழைய ரயிலும் பிடிக்கும். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஊர் ஒண்ணு இருக்கு, கிளம்புங்க" என்றாள்.

அரைமணி நேரப் பயணம்தான். நடுவில் மோர்பெத் என்ற ஊர் வருகிறது. அங்கே பாதை சட்டென்று வளைவதால் ரயில் மூச்சடக்கி மெதுவாகத் திரும்பும். 1969-இலும் 1984-இலும் வேகமாக வந்த ரயில்கள் தடம்புரண்ட வளைவு அது. அதைத் தாண்டினால் வயல்கள், கல் வேலிகள், ஆடுகள். பிறகு எதிர்பாராத ஒரு கணத்தில் வலது பக்கம் நிலம் விலகி நீர் தெரிகிறது. ஆல்ன் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம். அக்கரையில் ஒரு திட்டின்மேல் நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன வீடுகள். அதுதான் ஆலன்மவுத். "இதுக்குத்தான் வலது பக்கம்" என்றாள் மருமகள். பார்த்து முடிப்பதற்குள் ரயில் நின்றுவிட்டது.

அந்தச் சின்ன ஊர் ஒரு காலத்தில் துறைமுகம். நார்தம்பர்லாந்தின் தானியம் இங்கிருந்துதான் கப்பலேறியது. அதற்காகவே 18-ஆம் நூற்றாண்டில் ஹெக்ஸம் ஊரிலிருந்து குறுக்கே ஒரு சுங்கச் சாலை போட்டார்கள். 'தானியச் சாலை' என்று அதற்குப் பெயரே உண்டு. 1806 கிறிஸ்துமஸ் நாளில் ஒரு பெரும்புயல் அடித்தது. ஆறு தன் பழைய வழியை விட்டு மணல்மேட்டை உடைத்துக்கொண்டு வேறு இடத்தில் கடலில் இறங்கியது. தேவாலயம் நின்ற குன்று ஆற்றின் மறுகரைக்குப் போய்விட்டது. துறைமுகம் அதன்பின் தேறவே இல்லை. ஒரு வழி போனால் அதை நம்பிய ஊருக்கு என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி இப்படி ஒருமுறை பார்த்திருக்கிறது. இரண்டாவது முறை நடந்ததைப் பார்க்கத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

ஸ்டேஷனில் இறங்கியதும் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். 'ஆலன்மவுத்' என்பதோடு நிற்கவில்லை. 'ஆனிக் செல்வோருக்கு' என்ற பொருளில் இன்னும் இரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன. ஆனிக் என்று நாம் எழுதும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒரு 'ல்', ஒரு 'வ்' உண்டு. எழுத்தில் இருக்கும், வாயில் வராது. உள்ளூர்க்காரர்கள் இரண்டே அசையில் 'ஆனிக்' என்கிறார்கள். கோட்டையும் கோமகனும் சந்தையும் உள்ள ஊர் அது. அதற்கு ரயில் இல்லை. அது இங்கிருந்து மூன்று மைல். தன் பெயரை இன்னொரு ஊரின் பலகையில், அந்த ஊரின் பெயருக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கும் ஆனிக்கைப் பற்றி நினைக்க எனக்கு என்னவோ செய்தது.

வெளியே வருவதற்குள் பஸ் போய்விட்டது. ரயில் வரும் நேரத்தையும் பஸ் கிளம்பும் நேரத்தையும் யாரோ தனித்தனி மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அடுத்த பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்றோம். எங்களோடு ஒரு முதியவளும் நின்றாள். கையில் துணிப்பை, அதில் கனமாக ஏதோ. மருமகள் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தபோது பேச்சு தொடங்கியது. சின்னப் பெண்ணாக இருந்தபோது இதே ஸ்டேஷனில் ரயில் மாறி ஆனிக் போயிருக்கிறாளாம். "எதிர் பிளாட்பாரத்திலேயே நிற்கும், அம்மா. ஏறி உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைப் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிடும்" என்றாள். அவள் சொன்னதில் புலம்பல் இல்லை. பழைய அண்டை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

முக்கியப் பாதை ஏன் ஆனிக்குக்குள் போகாமல் மூன்று மைல் தள்ளிக் கடலோரமாகப் போனது என்பதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1840-களின் நடுவில் நியூகாசிலுக்கும் ஸ்காட்லாந்து எல்லைக்கும் இடையே ரயில் போட இரண்டு திட்டங்கள் மோதின. ஒன்று ஜார்ஜ் ஸ்டீபன்சனுடையது: வழக்கமான நீராவி எஞ்சின், சமதரையான கடலோரம். இன்னொன்று இசம்பார்ட் புருனெலுடையது. அவர் திட்டத்தில் எஞ்சினே கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு நீண்ட இரும்புக் குழாய். வழி நெடுக எஞ்சின் கூடங்கள் நின்ற இடத்திலேயே அந்தக் குழாயின் காற்றை உறிஞ்சி எடுக்கும். குழாய்க்குள் இருக்கும் பிஸ்டன் வெற்றிடத்தை நோக்கி ஓடும்போது வண்டியையும் இழுத்துக்கொண்டு ஓடும். புகையில்லை, கரியில்லை. ஹவிக் பிரபு இந்தத் திட்டத்தை முழு மனதோடு ஆதரித்தார். அவருடைய அப்பாதான் தேநீருக்குப் பெயர் கொடுத்த எர்ல் கிரே, முன்னாள் பிரதமர். ஸ்டீபன்சனின் பாதை அவர்களுடைய ஹவிக் பண்ணை நிலத்தை ஒட்டிப் போகவிருந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

1845-இல் நாடாளுமன்றம் ஸ்டீபன்சன் பக்கம் சாய்ந்தது. அது நல்ல முடிவு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. புருனெல் தன் குழாய் ரயிலைத் தெற்கே டெவன் மாவட்டத்தில் ஓட்டிப் பார்த்தார். குழாயின் மேல் பிளவை மூடிய தோல் பட்டை ஈரத்திலும் வெயிலிலும் கெட்டுக் காற்றை உள்ளே விட்டதால், ஒரு வருடத்துக்குள் அது நின்றுபோனது. 1847-இல் ஸ்டீபன்சனின் கடலோரப் பாதையில் ரயில் வந்தது. ஆனிக் மேட்டில், உள்ளே தள்ளி இருந்தது. 1850-இல் அதற்கென ஒரு கிளைப்பாதை போட்டார்கள். ஆகஸ்டில் சரக்கு, அக்டோபரில் பயணிகள். இப்படித்தான் அந்த மூன்று மைல் பிறந்தது.

பஸ் மேடேறி ஆனிக்கில் இறக்கிவிட்டபோது முதலில் கண்ணில் பட்டது ஸ்டேஷன் அல்ல, ஒரு தூண். 83 அடி உயரம். உச்சியில் ஒரு சிங்கம், அதன் வால் மட்டும் பின்னால் கோல்போல விறைத்து நீண்டிருக்கிறது. பெர்சி குடும்பத்தின் சின்னம் அந்தச் சிங்கம். 1309 முதல் ஆனிக் கோட்டை அவர்கள் கையில் இருக்கிறது. நெப்போலியன் போர் முடிந்தபின் தானிய விலை விழுந்து குத்தகை விவசாயிகள் தவித்தபோது இரண்டாம் கோமகன் குத்தகையைக் குறைத்தார். அதற்கு நன்றியாக விவசாயிகள் காசு சேர்த்து 1816-இல் எழுப்பியது இந்தத் தூண். இவ்வளவு செலவழிக்க முடிகிறவர்களால் குத்தகையையும் கட்ட முடியுமே என்று கோமகன் மறுபடி ஏற்றிவிட்டதாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 'குடியானவன் மடத்தனம்' என்ற பட்டப்பெயரும் தூணுக்கு உண்டு. அந்தக் கதைக்குச் சான்று கிடையாது. ஆனால் இத்தனை தலைமுறை அந்தக் கதையை விடாமல் சொல்லி வந்திருக்கிறது என்பதே ஒரு செய்தி.

தூணுக்கு எதிரே ஸ்டேஷன்.

உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. நீண்டு, தாழ்ந்து, கல்லில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இரட்டை முதுகாக எழும் பெரிய கூரை. எண்ணாயிரம் பேர் வாழும் ஊருக்கு, மூன்று மைல் கிளைப்பாதையின் முனையில், 32,000 சதுர அடியில் ஒரு ஸ்டேஷன்! "இது ஒரு மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் மாதிரில்ல இருக்கு மாமா" என்றாள் அவள். அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். 1850-இல் இருந்த சின்ன ஸ்டேஷனுக்குப் பதிலாக 1887-இல் இது வந்தது. வடித்தவர் வில்லியம் பெல். நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் கட்டடக் கலைஞராக 1877 முதல் 1914 வரை இருந்தவர். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு பழைய ஸ்டேஷனுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்து வியந்தால், பெரும்பாலும் அவர் கைவண்ணமாக இருக்கும்.

இவ்வளவு பெரிதாகக் கட்டியதற்கு இரண்டு காரணம். ஒன்று, கோட்டை. கோமகனின் விருந்தினர் என்றால் பிரபுக்கள், மந்திரிகள், அரச குடும்பத்தார். அவர்கள் இறங்கும் இடம் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. இன்னொன்று, அதே 1887-இல் ஆனிக்கிலிருந்து வடமேற்கே, செவியட் மலையடிவாரம் வழியாக, ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய கார்ன்ஹில் வரை சுமார் 35 மைலுக்குப் புதிய பாதை திறந்தது. போட்டிக் கம்பெனி ஒன்று மலையோரமாகத் தனிப்பாதை போடக் கிளம்பியபோது, நார்த் ஈஸ்டர்ன் முந்திக்கொண்டு போட்டது அது. முந்திக்கொள்ளும் அவசரத்தில் யாரும் ஜனக்கணக்கு பார்த்ததாகத் தெரியவில்லை. எட்லிங்கம், விட்டிங்கம், கிளான்டன், இல்டர்டன், ஊலர் என்று வழியெல்லாம் அழகழகான கல் ஸ்டேஷன்கள். அவையும் பெல்லின் வடிவமைப்புத்தான். ஏறுவதற்குத்தான் ஆளில்லை. ஆடும் மாடும் தானியமும் ஏறின. சந்தை நாட்களில் கொஞ்சம் மனிதர்களும் ஏறினார்கள்.

கிராமத்துக்குள்ளேயே வந்து நிற்கும் பஸ் வந்ததும், ஒரு மைல் நடந்து ஸ்டேஷனுக்குப் போக யாருக்கு மனம் வரும்? 1930 செப்டம்பரில் கார்ன்ஹில் பாதையில் பயணிகள் வண்டி நின்றது. சரக்கு மட்டும் ஓடியது. 1948 ஆகஸ்டில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது. இல்டர்டனுக்கு வடக்கே பாலம் அடித்துக்கொண்டு போனது. அதைத் திரும்பக் கட்டவில்லை. பாதை இரண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒரு முட்டுச் சந்தாகி, தெற்குத் துண்டு 1953-இலும் வடக்குத் துண்டு 1965-இலும் மூடப்பட்டன. இது வயதான உடம்பு ஒவ்வோர் உறுப்பாக அடங்குவது போன்றது. அதில் யாரையும் பெரிதாகக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மூன்று மைல் கிளைப்பாதையின் கதை வேறு. அதில் ஆள் ஏறினார்கள். ஆலன்மவுத்தில் நியூகாசில் வண்டியும் எடின்பரோ வண்டியும் நிற்கும். அங்கிருந்து ஆனிக்குக்குச் சின்ன வண்டி இணைப்பாக ஓடும். 1966 கோடை வரை நீராவி எஞ்சினே இழுத்தது. அந்த வட்டாரத்தில் பயணிகளை இழுத்த கடைசி நீராவி வண்டிகளில் இதுவும் ஒன்று என்பதால், கேமராவும் குறிப்பேடுமாக ஆட்கள் தேடி வந்தார்கள். பிறகு டீசல் வண்டி வந்தது. வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகியிருக்காது. 1968 ஜனவரியில் பயணிகள் வண்டி நின்றது. அதே வருடம் சரக்கும் நின்றது. 117 வருடம் ஓடிய வண்டி.

அந்தப் பத்தாண்டில் பிரிட்டன் முழுக்க நடந்தது இது. 1963-இல் ரிச்சர்ட் பீச்சிங் ஓர் அறிக்கை வெளியிட்டார். இயற்பியல் படித்தவர், ரசாயனக் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ரயில்வேயின் தலைமைக்கு அழைத்து வரப்பட்டவர். நஷ்டத்தில் ஓடும் பாதைகளை வெட்டச் சொன்னார். மூடச் சொன்ன ஸ்டேஷன்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு கிளைப்பாதையிலும் எத்தனை சீட்டு விற்றது என்று எண்ணினார்கள். அந்தக் கிளையில் ஏறி வந்தவர் முக்கியப் பாதையில் ஏறி இருநூறு மைல் போவாரே, அந்தக் காசு எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. காவிரியில் எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் அளந்துவிட்டு, வந்து சேரும் வாய்க்கால் ஒவ்வொன்றையும் அடைத்தால் என்ன ஆகும்? கிளைப்பாதை என்பது வந்து சேரும் வாய்க்கால். அதை அடைத்தவர்கள் செய்தது பிழை என்பதே என் கருத்து. ஆலன்மவுத் பஸ் நிறுத்தத்தில் காற்றில் நின்ற அந்த முப்பது நிமிடம் அந்தக் கருத்தை இன்னும் உறுதியாக்கிவிட்டது.

ரயில் போனபின் ஊருக்குக் கிழக்கே புறவழிச் சாலை வந்தது. பழைய பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. தண்டவாளம் எடுக்கப்பட்ட பாதையையாவது மறுபடி போடலாம். அதன் மேல் நெடுஞ்சாலை உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? இப்படித்தான் ஆனிக் ஸ்டேஷனுக்கு ரயில் திரும்பி வரும் வழி அடைபட்டது.

ஸ்டேஷன் பிழைத்தது. எல்லா ஸ்டேஷனுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன் வாசலில் 1837 முதல் நின்ற பெரும் கல் வளைவை, எத்தனையோ பேர் மன்றாடியும் கேட்காமல், 1961-62-இல் இடித்துத் தள்ளினார்கள். ஆனிக்கை இடிக்கவில்லை. கிடங்காக, பட்டறையாகத் துண்டு துண்டாக வாடகைக்குப் போனது. அப்படி ஒரு பகுதியில் சின்னதாகத் தொழில் நடத்தி வந்தவர் ஸ்டூவர்ட் மேன்லி. 1991-இல் அவர் மனைவி மேரி மேன்லிக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய புத்தகக் கடை. காசுக்கு மட்டுமல்ல, பண்டமாற்று முறையிலும். நீங்கள் படித்து முடித்த புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்கு மதிப்புப் போட்டு உங்கள் பெயரில் வரவு வைப்பார்கள். அந்த வரவுக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். அதனாலேயே கடைக்கு 'பார்ட்டர் புக்ஸ்' என்று பெயர். முன்னறை ஒன்றில் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டேஷனுக்குள் பரவியது. இன்று பிரிட்டனின் மிகப் பெரிய பழைய புத்தகக் கடைகளில் ஒன்று.

உள்ளே போனதும் சூடு முகத்தில் பட்டது. நிஜமான கணப்பு, நிலக்கரி எரிகிறது. அதைச் சுற்றி ஆளுக்கொரு விதமான பழைய நாற்காலிகள். ஒரு நாற்காலியில் ஒருவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் நாய் தூங்கியது. யாரும் எங்களைப் பார்த்து "என்ன வேண்டும்" என்று கேட்கவில்லை. நிலக்கரிப் புகையின் மெல்லிய வாடையும் பழைய காகித வாடையும் சேர்ந்து அடித்தன. அந்தக் கலவை வேறெங்கும் கிடைக்காது.

பஸ் நிறுத்தத்தில் பார்த்த முதியவள் எங்களுக்கு முன்னால் கவுன்ட்டரில் நின்றாள். துணிப்பையிலிருந்து ஆறேழு துப்பறியும் நாவல்களை எடுத்து அடுக்கினாள். கவுன்ட்டர் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து இரண்டைத் திருப்பித் தந்தாள், மற்றவற்றுக்கு வரவு எழுதினாள். முதியவள் அந்தச் சீட்டை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தேன். ரயில் டிக்கெட்டை வைக்கிற மாதிரி, உள்ளறையில், இரண்டு விரலால் அழுத்தி.

அண்ணாந்து பார்த்தால் ரயில் ஓடுகிறது. அலமாரிகளின் உச்சியில் தண்டவாளம் போட்டு, ஓர் அலமாரிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பாலம் கட்டி, பொம்மை ரயில் ஒன்றைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். நான் கழுத்து வலிக்க நின்று பார்த்தேன். எஞ்சின் ஒரு முழம்கூட இருக்காது. பின்னால் பெட்டிகள். வரலாற்று நூல்களின் மேல் வருகிறது, பாலத்தில் ஏறும்போது ஒலி மாறுகிறது; மரத்தின் மேல் 'கரகர' என்றிருந்தது காற்றின் மேல் 'கிணுகிணு' என்றாகிறது; அடுத்த அலமாரியைத் தொட்டதும் மறுபடி 'கரகர'. கீழே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஒரு சின்னப் பையனைத் தவிர. அவன் அந்த ரயிலோடு அலமாரிக்கு அலமாரி நடந்துகொண்டிருந்தான். அது திரும்பும் மூலையில் முன்கூட்டியே போய்க் காத்து நின்றான். ரயில் வந்ததும் கையசைத்தான். 1968-க்குப் பிறகு இந்த ஸ்டேஷனுக்கு வரும் ஒரே வண்டி அது. அதற்காகக் காத்திருக்கவும் ஒருவன் இருந்தான்.

காத்திருப்பு அறைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் இப்போது உணவகம் நடக்கிறது. நாங்கள் அங்கே உட்கார்ந்து தேநீரும் ஸ்கோனும் சாப்பிட்டோம். உயரமான கூரை, அகலமான ஜன்னல். கோமகனின் விருந்தினர் உட்கார்ந்த இடத்தில் இப்போது சேற்றுக் காலோடு நடைப்பயணம் வந்தவர்களும், கைக்குழந்தைக்காரர்களும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி பணக்காரர்களுக்காக அளவுக்கு மீறிக் கட்டியதுதான் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றியது. சின்ன ஸ்டேஷன் என்றால் யாராவது வாங்கி வீடாக்கி வேலி போட்டிருப்பார்கள். இவ்வளவு பெரியதை வீடாக்க முடியாது. ஊர் முழுவதும் உள்ளே வந்தால்தான் நிறையும்.

கவுன்ட்டர் பக்கம் சட்டம் போட்டுத் தொங்கும் ஒரு சுவரொட்டியைப் பார்க்கவே பலர் இங்கு வருகிறார்கள். சிவப்புப் பின்னணி, மேலே கிரீடம், கீழே வெள்ளை எழுத்தில் ஐந்து சொற்கள். அமைதியாக இருங்கள், வேலையைத் தொடருங்கள் என்பது பொருள். உலகம் முழுக்கக் கோப்பையிலும் பனியனிலும் அச்சாகிவிட்ட அந்த வாசகம் இந்த ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பியது. 1939-இல், போர் தொடங்கும் தறுவாயில், பிரிட்டிஷ் அரசு மூன்று சுவரொட்டிகள் தயாரித்தது. இரண்டைச் சுவர்களில் ஒட்டியது. மூன்றாவதை, நாட்டின் மேல் கடும் குண்டுவீச்சோ படையெடுப்போ வந்தால் ஒட்டலாம் என்று எடுத்து வைத்தது. 24 லட்சத்துக்கும் மேல் அச்சடித்தார்கள். ஆனால் பரவலாக ஒட்டவே இல்லை. காகிதத் தட்டுப்பாடு வந்ததும் பெரும்பகுதியைக் கூழாக்கிவிட்டார்கள். ஊர் அதை மறந்தே போனது.

2000-இல் ஸ்டூவர்ட் மேன்லி ஏலத்தில் எடுத்து வந்த ஒரு பெட்டிப் புத்தகங்களுக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தால் அந்தச் சுவரொட்டி. மேரிக்குப் பிடித்துப்போய்ச் சட்டம் போட்டு மாட்டினார். வாடிக்கையாளர்கள் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததால் மறு வருடம் பிரதி எடுத்து விற்கத் தொடங்கினார்கள். மீதி எல்லோருக்கும் தெரியும். நான் அதன் முன் நின்றபோது வாசகத்தைவிட மடிப்புகளைத்தான் பார்க்க விரும்பினேன். அறுபது வருடம் மடங்கியே கிடந்த காகிதம். பயன்படும் நாளுக்காக எடுத்து வைத்தார்கள், அந்த நாள் வரவில்லை, பிறகு யாருக்கும் நினைவில்லை. அது வந்து சேர்ந்த இடமும் அப்படிப்பட்ட இடமாக அமைந்துவிட்டது.

மருமகள் ஒரு தாவரவியல் நூலும், நான் வடகிழக்கு ரயில்வே பற்றிய பழைய நூல் ஒன்றும் எடுத்தோம். என் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலில் விலை எழுதியிருந்தது, அதற்கு மேல் அடித்துவிட்ட இன்னொரு விலை. பண்டமாற்றில் எத்தனை முறை இதே கவுன்ட்டரைத் தாண்டிப் போய் வந்ததோ.

மாலையில் ஊருக்கு வெளியே, புறவழிச் சாலைக்கு அப்பால் இருக்கும் லயன்ஹார்ட் என்ற இடத்துக்கு நடந்தோம். தொழிற்பேட்டையின் ஓரம். அங்கே ஆல்ன் பள்ளத்தாக்கு ரயில்வே என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஒரு புதிய ஸ்டேஷன் கட்டியிருக்கிறார்கள். பெல்லின் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போக வழியில்லை. சாலை குறுக்கே கிடக்கிறது. அதனால் சாலைக்கு இந்தப் பக்கம் தொடங்கி, பழைய தடத்திலேயே ஆலன்மவுத்தை நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச தூரம் போட்டு, விடுமுறை நாட்களில் வண்டியும் ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அன்று வண்டி ஓடவில்லை. ஆனாலும் ஒருவர் மட்டும் மண்டியிட்டு, ஒரு வண்டிப் பெட்டியின் கதவுக் கைப்பிடியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தார், மூடினார். ஒலி சரியில்லை போலும். மறுபடி திறந்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடினார். இந்த முறை 'டொக்' என்று ஒரே ஒலியில் மூடியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

"எப்போது ஆலன்மவுத் போய்ச் சேர்வீர்கள், ஐயா?" என்று மருமகள் கேட்டாள்.

"ஒவ்வொரு தண்டவாளமாகத்தான், அம்மா" என்றார்.

பாதையை ஒட்டியே நடப்பதற்கு வழி போட்டிருக்கிறார்கள். இருட்டும்வரை அதில் நடந்தோம். பக்கத்தில் தண்டவாளம் புல்லுக்குள் நேராகப் போனது. இருபுறமும் முள்வேலியில் கருப்பு நிறப் பழங்கள் காய்த்திருந்தன. நாங்கள் பறித்துத் தின்றுகொண்டே நடந்தோம். திரும்பி வந்து பஸ் ஏறினோம்.

ஆலன்மவுத் ஸ்டேஷனில் எங்கள் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. எதிர்த் திசையில் ஒரு ரயில் வந்து நின்று போனது. இரண்டு பெரிய பெட்டிகளோடு ஒரு தம்பதி இறங்கினார்கள். பலகையைப் படித்தார்கள், சுற்றுமுற்றும் பார்த்தார்கள், எங்களிடம் வந்து ஆனிக்குக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள்.

மருமகள் பஸ் நிறுத்தத்தைக் கைகாட்டினாள். பிறகு கைபேசியில் நேரத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான் போச்சு. ஓடாதீங்க, உட்கார்ந்துட்டுப் போங்க" என்பதை அவர்கள் மொழியில் சொல்லி, பெஞ்சில் எங்கள் பைகளை நகர்த்தி இடம் கொடுத்தாள்.